அந்நியரைத் தடுக்கும் நீளம், உறவினரைப் பிரிக்கும் உஷ்ணம்

(ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருபுறம் தேக்கங்காடும் மறுபுறம் காப்பித் தோட்டமுமாக விளங்கும் இந்தக் கொட்டச்சேட்டில் விஞ்ஞான விஷயம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் பணித்தீர்கள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. டி.என்.ஏ. என்னும் நெடிய இழையின் மீது, பிரைமர் என்று ஆய்வுக்கூடத்தார் வழங்கும் ஒரு சிறு துண்டு எப்போது பற்றுகிறது? எப்போது பற்ற மறுக்கிறது? பற்றக் கூடாத இடத்தில் பற்றி எப்போது நம்மை ஏமாற்றுகிறது? இந்த மூன்று கேள்விகளே இன்றைய என் பேச்சு.

"இது பட்டணத்து ஆய்வுக்கூடத்து விவகாரமல்லவா, மலையில் இருக்கும் எங்களுக்கு இதனால் ஆவது என்ன?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம், கேட்பது நியாயமே. ஆனால் உங்கள் தோட்டத்துக் காப்பிச் செடி இலைத்துரு நோயைத் தாங்குமா என்பதை நாற்றுப் பருவத்திலேயே அறிவதற்கும், உங்கள் மலைப்பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு பல்லி உலகில் வேறெங்கும் இல்லாத இனமா என்று நிச்சயிப்பதற்கும், கொரோனாக் காலத்தில் உங்கள் மூக்கில் குச்சியை விட்டு எடுத்த மாதிரியில் கிருமி உண்டா இல்லையா என்று சொல்வதற்கும் ஆதாரமாக நின்றது இந்தச் சிறு துண்டு பற்றும் விதிதான்.

முதலில் இழையின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ. இழையில் உள்ள எழுத்துகள் நான்கே: ஏ, டி, ஜி, சி. ஏ எதிரே டி நிற்கும். ஜி எதிரே சி நிற்கும். ஏ–டி இணையை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும், ஜி–சி இணையை மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளும் கட்டுகின்றன. அவற்றோடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் இணைகள் தம் பக்கத்து இணைகளோடு கொள்ளும் ஈர்ப்பும் சேர்ந்துதான் இரட்டை இழைக்கு உறுதியைத் தருகிறது. ஆகவே ஒரு துண்டின் பலம் அதில் எத்தனை ஜி, எத்தனை சி என்ற கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. எந்த எழுத்துக்கு அருகில் எந்த எழுத்து நிற்கிறது என்பதையும் பொறுத்தது. இந்த அண்டை அயல் கணக்கை ஒழுங்குபடுத்தி, 1998ஆம் ஆண்டில் ஒரே அட்டவணையாகத் தந்தவர் அமெரிக்க ரசாயன விஞ்ஞானி ஜான் சாண்டாலூசியா.

இந்த இரட்டை இழையைப் பிரிப்பது எது? உஷ்ணம். மீண்டும் சேர்ப்பது எது? உஷ்ணம் தணிதல். டி.என்.ஏ. துண்டுகளைப் பெருக்கும் பி.சி.ஆர். என்னும் பரிசோதனை முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கும். யந்திரம் குழாயை 94 அல்லது 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றுகிறது, இழைகள் பிரிகின்றன. பிறகு 50க்கும் 65க்கும் இடைப்பட்ட ஓர் உஷ்ணத்துக்குத் தணிக்கிறது. பிரைமர்கள் தத்தம் இடங்களைத் தேடிப் பற்றுகின்றன. பிறகு 72 டிகிரிக்கு உயர்த்துகிறது. பற்றிய இடத்திலிருந்து புதிய இழை வளர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரு மடங்காகப் பெருகினால், 30 சுற்றுகளில் ஒன்று 107 கோடியாகிவிடும். ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். கடற்கரைச் சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. இழை பிரியும் உஷ்ணம் எவ்வளவு என்று யாரேனும் உங்களைக் கேட்டால், எங்கள் வீட்டு உலை கொதிக்கும் உஷ்ணம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்!

பிரைமர்களைக் கொண்டு இழையைப் பெருக்கும் இந்த எண்ணத்தின் வித்து நம் நாட்டில் பிறந்த ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் முளைத்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. பிரிவினைக்கு முந்திய பஞ்சாபின் ராய்ப்பூர்க் கிராமத்தில் பிறந்து, 1968இல் நோபல் பரிசு பெற்ற ஹர்கோவிந்த் குரானாவும் அவருடன் பணியாற்றிய ஷெல் கிளெப்பேயும் பிறரும் 1971இல் வெளியிட்ட ஆய்வுரையிலேயே, இரண்டு பிரைமர்களைக் கொண்டு ஒரு துண்டை மீண்டும் மீண்டும் படியெடுக்கலாம் என்ற கருத்து காணப்படுகிறது. அதனைப் பெருகும் சங்கிலியாக 1983இல் கண்டு வளர்த்து, 1993இல் நோபல் பரிசு பெற்றவர் கேரி மல்லிஸ். கொதிநிலையை நெருங்கும் உஷ்ணத்திலும் கெடாமல் இழையை வளர்க்கும் நொதியைத் தந்ததோ, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டு 1969இல் உலகுக்கு அறிவித்த ஒரு நுண்ணுயிர்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். பிரைமர் பெரும்பாலும் 20 எழுத்து நீளமுடையது. ஏன் 20? நான்கு எழுத்துகளைக் கொண்டு 20 இடங்களை நிரப்பும் வழிகளைக் கணக்கிட்டால், அது ஒரு லட்சம் கோடியைத் தாண்டுகிறது. காப்பிச் செடியின் மரபுத்தொகுதியிலோ ஏறத்தாழ 120 கோடி எழுத்துகளே உள்ளன. எனவே நாம் எழுதிய இருபது எழுத்து வரிசை, அச்செடியில் வேறோர் இடத்திலும் தற்செயலாக அமைந்துவிடும் வாய்ப்பு மிக மிக அற்பம். அந்நியர்களிடமிருந்து நம்மைக் காப்பது நீளம். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் அன்பர்களே, உலகில் நம்மை ஏமாற்றுபவர் அந்நியர் மட்டும்தானா? உறவினரை என்ன செய்வது? உங்கள் தோட்டத்து அராபிகாச் செடியையே பாருங்கள். அது இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது: ஒன்று ரொபஸ்டா, மற்றொன்று யூஜினியாய்டிஸ் என்னும் ஆப்பிரிக்கக் காட்டுக் காப்பி. இரண்டின் மரபுத்தொகுதிகளும் இன்றளவும் அந்தச் செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் அருகருகே வாழ்கின்றன. ஆகவே ரொபஸ்டா வழியில் வந்த ஒரு மரபணுவைத் தேடி நீங்கள் அனுப்பும் பிரைமர், யூஜினியாய்டிஸ் வழியில் வந்த அதன் சகோதர மரபணுவையும் சந்திக்கிறது. பிரைமர் பற்றும் இடத்தில் இரண்டுக்கும் இடையே வேற்றுமை பல சமயம் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோதான். இங்கே நீளத்தின் கணக்கு உதவுமா? உதவாது. தற்செயலை நம்பிப் போட்ட கணக்கு, ரத்த சம்பந்தத்தின் முன் செல்லாது. அந்நியரை நீளம் தடுக்கும். உறவினரைப் பிரிக்க உஷ்ணம் வேண்டும்!

உஷ்ணம் எவ்வாறு பிரிக்கிறது? ஒரு துண்டின் பாதிப் பிரதிகள் பற்றியும் பாதி பிரிந்தும் நிற்கும் உஷ்ணத்தை உருகுநிலை என்பர். இதற்கு ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அறிந்த ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 டிகிரி, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 டிகிரி. பத்து ஏ–டியும் பத்து ஜி–சியும் கொண்ட துண்டுக்கு 60 டிகிரி வரும். இது துல்லியமான பிரமாணம் அன்று, வழிகாட்டும் கைக்கணக்கு. இக்கணக்குக்குத் தம் பெயரை ஈந்த புரூஸ் வாலஸ் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் 1979இல் 11 முதல் 17 எழுத்து வரை நீளமுள்ள துண்டுகளை எடுத்து, ஒரே ஓர் எழுத்து பொருந்தாமல் போனாலும் உருகுநிலை கணிசமாகத் தாழ்ந்துவிடுகிறது என்று காட்டினார்கள். இந்தத் தாழ்வில்தான் நமது வாய்ப்பு இருக்கிறது. முழுதும் பொருந்திய துண்டு ஓர் உஷ்ணத்தில் பிரிகிறது. ஓர் எழுத்துப் பிசகிய துண்டு அதற்குச் சில டிகிரிகள் கீழேயே பிரிந்துவிடுகிறது. அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள அந்தக் குறுகிய இடைவெளியில் உஷ்ணத்தை நிறுத்தினால், மெய்யானது பெரும்பாலும் நிற்கும். போலி பெரும்பாலும் விலகும்.

உஷ்ணத்தை மிகத் தாழ்த்தினால் என்ன நேரும்? ஒன்றிரண்டு எழுத்துகள் பிசகிய இடங்களிலும் பிரைமர் பற்றிக்கொள்ளும். வேண்டாத துண்டுகள் பெருகி, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் கூழ்த் தகட்டில் பல பட்டைகள் தோன்றிப் பார்ப்பவரைக் குழப்பும். மிக உயர்த்தினால் என்ன நேரும்? சரியான இடத்திலும் பற்றாது, பட்டையே தோன்றாது. தளர்ந்த உஷ்ணம் இல்லாததை உண்டு என்கிறது. கடுமையான உஷ்ணம் உள்ளதை இல்லை என்கிறது. இரண்டும் பொய். ஆகவேதான் அநுபவமுள்ளவர் உருகுநிலைக்கு மூன்று முதல் ஐந்து டிகிரி கீழே தொடங்கி, ஒரே சமயத்தில் வெவ்வேறு குழாய்களை வெவ்வேறு உஷ்ணங்களில் வைத்துச் சோதித்து, பின்னரே ஒன்றை நிச்சயிக்கின்றனர். உப்பும் இதில் தலையிடுகிறது. இரண்டு இழைகளும் எதிர்மின்னூட்டம் உடையவை, ஒன்றையொன்று தள்ளுபவை. குழாயில் உள்ள மக்னீசியம் அந்தத் தள்ளுதலைத் தணித்துப் பிணைப்பை உறுதியாக்குகிறது. மக்னீசியம் மிகுந்தால் பிசகிய இணைகளும் நிலைத்துவிடும். உஷ்ணத்தைச் சரியாக வைத்துவிட்டு உப்பைக் கவனியாதவர், ஒரு கதவை அடைத்து மறு கதவைத் திறந்து வைத்தவர் ஆவார்.

இனி, பிசகு எங்கே இருக்கிறது என்ற கேள்வி. எல்லா இடத்துப் பிசகும் ஒன்றா? இல்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டல்லவா? நமது பிரைமருக்கும் 20 எழுத்துகள். நடுவில் ஒரு வளைவில் மண் சரிந்து கிடந்தால், வண்டி ஒதுங்கித் தயங்கியேனும் ஏறிவிடும். கடைசி வளைவே அற்றுப் போய்விட்டால், பத்தொன்பது வளைவுகளைக் கடந்த வண்டியும் ஊருக்குள் நுழைய முடியாது. பிரைமரின் நடுவே ஓர் எழுத்துப் பிசகினால் பற்று தளரும், ஆனால் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். வளரும் முனையாகிய கடைசி எழுத்து பிசகினாலோ, பற்று இருந்தும் பல சமயம் பயனில்லை. ஏனெனில் நொதி அந்த முனையைப் பிடித்துத்தான் அடுத்த எழுத்தைச் சேர்க்க வேண்டும். வெந்நீர் ஊற்று நுண்ணுயிர் தந்த நொதிக்கோ, பிசகிய முனையை வெட்டித் திருத்திக்கொள்ளும் திறமை கிடையாது.

முனையில் எந்த எழுத்து எதற்கெதிரே பிசகுகிறது என்பதும் முக்கியம். 1990இல் ஷிர்லி குவோக் முதலானோர், அடிக்கடி உருமாறும் எய்ட்ஸ் வைரஸை முன்னிட்டு இதைச் சோதித்தார்கள். ஏயும் ஜியும் எதிரெதிரே நின்றபோதும், சியும் சியும் எதிரெதிரே நின்றபோதும் விளைச்சல் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காக வீழ்ந்தது. ஏயும் ஏயும் நின்றபோது இருபதில் ஒரு பங்காயிற்று. மற்றப் பிசகுகளோ பெரிதாகத் தடுக்கவில்லை. ஜியும் டியும் ஒன்றையொன்று ஓரளவு ஏற்றுக்கொள்ளும் இயல்புடையவை என்பதும் பழைய அறிவே. இந்த முனை எழுத்தின் கண்டிப்பையே கருவியாக்கிய பரிசோதனை முறை 1989இல் தோன்றியது. இந்தியாவில் தலசீமியா என்னும் பரம்பரை ரத்தநோய்க் குடும்பங்களில், ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று காண அது பெரிதும் கையாளப்படுகிறது.

இவற்றிலெல்லாம் சூட்சுமமான ஒன்றை இப்போது சொல்கிறேன். இளைஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். பிசகிய இடத்தில் பிரைமர் ஒரு முறை பற்றி வளர்ந்துவிட்டால், பிறக்கும் புதிய இழையில் இருப்பது எவருடைய எழுத்து? பிரைமருடைய எழுத்து! அந்த இழையைப் படியெடுத்துப் பிறக்கும் அடுத்த இழையில் பிரைமருக்கு முற்றிலும் பொருந்திய இடம் ஆயத்தமாக இருக்கும். அதாவது, முதற்சுற்றில் பிசகாக நுழைந்தது, சில சுற்றுகளுக்குள் குற்றமற்ற பொருத்தமாக வேஷம் தரித்துவிடுகிறது. அதன் பின்னர் எந்த உஷ்ணமும் அதை வெளியேற்ற முடியாது. ஆகவே கண்டிப்பு வேண்டுவது தொடக்கத்தில். 1991இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டானும் அவருடைய துணைவர்களும் கண்ட உபாயம் இதுவே: முதற்சுற்றுகளை உயர்ந்த உஷ்ணத்தில் நடத்தி, மெய்யானது மட்டும் முந்திக்கொள்ள விட்டு, பிறகு படிப்படியாக உஷ்ணத்தைத் தணிப்பது. முந்திய மெய் கோடிக்கணக்கில் பெருகிய பிறகு, பிந்தி வரும் போலிக்கு அவையில் இடம் இராது.

தத்துவம் போதும், இனி இந்த மண்ணுக்கு வருவோம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது நீங்கள் அறிந்த வரலாறு. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அந்நாட்டுக் காப்பித் தொழிலையே அழித்தது. அடுத்து நம் தென்னிந்தியத் தோட்டங்களையும் தொட்டது. அதனை எதிர்த்து நின்ற ரகங்களுள் நெடுங்காலம் புகழ் பெற்றது, உங்கள் தோட்டங்களிலும் நிற்கும் எஸ்.795. எஸ்.288 என்னும் செடியையும் கெண்ட்ஸ் என்னும் செடியையும் இணைத்துப் பெற்ற அந்த ரகத்தின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு, லைபீரிகா என்னும் வேற்றினக் காப்பியிலிருந்து வந்து சேர்ந்த எஸ்.ஹெச்.3 என்ற மரபணுவினுடையது. கர்நாடகத்துப் பாலேஹொன்னூரில் 1925 முதல் இயங்கும் மத்தியக் காப்பி ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி என்.எஸ். பிரகாஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீசிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மரபணுவோடு ஒட்டி வரும் டி.என்.ஏ. அடையாளங்கள் காட்டப்பட்டன.

இதன் பயன் என்ன? முன்பெல்லாம் ஒரு நாற்று நோயைத் தாங்குமா என்று அறிய, துருப் பூஞ்சையை இலையில் தடவிக் காத்திருக்க வேண்டும். இப்போது ஓர் இலைத் துணுக்கு போதும். லைபீரிகாவிலிருந்து வந்த எழுத்துகளை மட்டுமே பற்றும் பிரைமர், அவை உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். ஆனால் அந்தச் சொல் மெய்யாக வேண்டுமானால், அராபிகாவுக்குள்ளே குடியிருக்கும் இரண்டு உறவு மரபுத்தொகுதிகளிலும் அந்தப் பிரைமர் பற்றாமல் இருக்க வேண்டும். உஷ்ணத்தில் சில டிகிரி தளர்ந்தால், நோய் தாங்காத நாற்றும் தாங்கும் என்று சான்றிதழ் பெற்றுத் தோட்டத்துக்கு வந்துவிடும். காப்பிச் செடி ஒரு போகத்துப் பயிரா? பல பத்தாண்டுகள் நிற்பதல்லவா? ஆய்வுக்கூடத்தில் சில டிகிரி அலட்சியம், தோட்டக்காரருக்கு ஒரு தலைமுறை நஷ்டம்.

காப்பியில் உறவினரைப் பிரிக்க வேண்டும். உறவினர் அனைவரையும் ஒருங்கே பிடிக்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. 2000ஆம் ஆண்டில் இந்திரநீல் தாஸும் ஆரன் பாவரும் ஏற்காட்டின் பெயரையே சூட்டி, நீமாஸ்பிஸ் யெர்காடென்சிஸ் என்ற சிறு பல்லியை உலகுக்கு அறிமுகம் செய்தனர். 2019இல் அக்ஷய் கண்டேகர், நிகில் கெய்தோண்டே, இஷான் அகர்வால் ஆகிய மூவரும் இதே சேர்வராயன் மலையிலிருந்து அப்பேரினத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு புதிய பல்லிகளை விவரித்தனர்; அவற்றுள் ஒன்று ஷெவராயென்சிஸ் என்று இம்மலையின் பெயரையே தாங்குகிறது. உருவ அமைப்போடு, என்.டி.2 என்னும் மரபணுவின் எழுத்து வரிசையும் அவர்களுக்குச் சான்றாயிற்று.

இங்கே ஒரு சங்கடத்தைக் கவனியுங்கள். இதுவரை எவரும் படிக்காத இனத்தின் எழுத்து வரிசை நமக்குத் தெரியாது. தெரியாத வரிசைக்குப் பிரைமர் எழுதுவது எங்ஙனம்? என்.டி.2 மரபணு விரைவில் மாறுவது. அதனால்தான் இனங்களைப் பிரித்தறிய அது உதவுகிறது. அதன் அக்கம்பக்கத்தில் உள்ள சில மரபணுக்களோ மிக மெதுவாக மாறுபவை. விஞ்ஞானிகள் பிரைமரை அந்த மாறாத அண்டை வீட்டில் நிறுத்தி, மாறும் வீட்டைப் படிக்கிறார்கள். அங்கும் ஓரிரு எழுத்துகள் பிசகலாம். அப்போது உஷ்ணத்தை வேண்டுமென்றே சற்றுத் தாழ்த்தி, அந்தப் பிசகைப் பொறுத்துக்கொள்கிறார்கள். காப்பியில் குற்றமாக இருந்த தளர்ச்சி, பல்லியில் குணமாகிவிட்டது! ஆகவே சரியான உஷ்ணம் என்று ஒன்று தனித்து இல்லை. எதை அறிய வேண்டும் என்ற கேள்விக்கு ஏற்ற உஷ்ணமே சரியான உஷ்ணம்.

மூன்றாவது உதாரணத்தை நாம் எல்லாரும் வாழ்ந்து பார்த்தோம். கொரோனாப் பரிசோதனையில் ஒருவகைச் சாதனம், வைரஸின் மூன்று மரபணுப் பகுதிகளைத் தேடியது. அவற்றுள் ஒன்று எஸ் மரபணு. ஆல்ஃபா என்ற உருமாற்றத்திலும், பிறகு 2021 இறுதியில் வந்த ஓமிக்ரானின் முதல் வகையிலும், அந்தப் பகுதியில் ஆறு எழுத்துகள் அடியோடு விடுபட்டிருந்தன. விளைவு? மற்ற இரண்டும் உண்டு என்றன; எஸ் மட்டும் இல்லை என்றது. அந்த ஒரு சாட்சியையே நம்பியிருந்தால், நோயாளியை நோயற்றவர் என்று அனுப்பியிருப்போம். மூன்று சாட்சிகள் இருந்ததால், மௌனமான சாட்சியே துப்பாயிற்று. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் இந்த எஸ் மரபணு விடுபாட்டை முதல் அடையாளமாகக் கொண்டு, மாதிரிகளை முழு வரிசைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பின்னர் வந்த பி.ஏ.2 என்னும் வகையில் அந்த விடுபாடு இல்லை. உடனே அவ்வகைக்கு அந்த அடையாளம் பயனற்றுப் போயிற்று. தேடும் சிறு துண்டு மாறவில்லை, உஷ்ணமும் மாறவில்லை, எதிரே நின்ற எழுத்து மாறிவிட்டது!

அன்பர்களே, மூன்று உதாரணங்களும் சேர்ந்து சொல்வது ஒன்றே. பிரைமர் தானாக உண்மை பேசுவதில்லை. எந்த உஷ்ணத்தில் கேட்டோம், எந்த எழுத்தை முனையில் நிறுத்தினோம், எந்த உறவினரை எதிர்பார்த்தோம் என்பவற்றைப் பொறுத்தே அதன் உண்டும் இல்லையும் பொருள் பெறுகின்றன. ஆகவே பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். உண்டு என்று வந்தால், "இதன் நெருங்கிய உறவினர் வந்திருந்தாலும் இப்படித்தான் வருமா?" என்று கேளுங்கள். இல்லை என்று வந்தால், "இருக்கிறது என்று முன்பே தெரிந்த மாதிரியை இதே உஷ்ணத்தில், இதே குழாய் வரிசையில் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். தெரிந்ததை ஒருபுறமும் வெறும் நீரை மறுபுறமும் துணை வைக்காத பரிசோதனையை நல்ல ஆய்வுக்கூடம் எதுவும் வெளியே விடாது.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு என் இறுதி வேண்டுகோள். இந்த மலையில் இன்னும் படிக்கப்படாத பூஞ்சைகள் உண்டு, செடிகள் உண்டு, தவளைகள் உண்டு, பூச்சிகள் உண்டு. நாளை உங்களில் ஒருவர் பிரைமர் எழுதும் நாள் வரும். அன்று இருபது எழுத்துகளை எழுதி முடித்த திருப்தியில் எழுந்து விடாதீர்கள்; அந்த எழுத்துகளுக்கு மிக நெருங்கிய போலி எது என்று முதலில் தேடுங்கள், அந்தப் போலி விலகும் உஷ்ணம் எது என்று கண்டுபிடியுங்கள், பிறகு பரிசோதனையைத் தொடங்குங்கள். அந்நியரை நீளம் தடுக்கும். உறவினரை உஷ்ணம் பிரிக்கும். அந்த உஷ்ணத்தை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் விவேகமோ உங்களுடையதாக இருக்க வேண்டும்.